பரணிலிருந்து இறங்கிய இஞ்சின்

மாதத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு போன் வரும்.

"அண்ணே, ஏழு வருஷமா பரண்ல கெடந்த வண்டிண்ணே. இன்னிக்கு எறக்கித் தொடச்சு கயித்த இழுத்தா அசையவே மாட்டேங்குது. இஞ்சின் போச்சுங்களா?"

"எத்தன தடவ இழுத்தே?"

மறுமுனையில் சத்தம் இருக்காது. அந்த மௌனம் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். இந்தப் பையன் கொஞ்ச நேரம் கழித்து, "பத்து பதினஞ்சு இருக்கும்ணே, அப்புறம் கயிறு அறுந்துபோச்சு" என்றான். கயிறு அறுந்தது நல்லதாகப் போயிற்று. அது தாங்கியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும்.

கிடப்பில் போட்ட ரேடியோ கன்ட்ரோல் கார்களின் நைட்ரோ இஞ்சின்களில் பலவற்றுக்குச் சேதம் நேர்வது பரணில் கிடந்த வருஷங்களில் அல்ல, கீழே இறக்கிய முதல் அரைமணியில். ஆகவே இந்த அத்தியாயத்தில் கயிற்றை இழுக்கும் கட்டம் வெகுநேரம் கழித்துத்தான் வரும்.

உள்ளே என்ன ஆகியிருக்கும்

நைட்ரோ எரிபொருளில் மூன்று சரக்கு. பெரும்பங்கு மெத்தனால். கார்களுக்கான எரிபொருளில் நைட்ரோமீத்தேன் பொதுவாக 10 முதல் 30 சதவீதம். மிச்சம் எண்ணெய். இந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. பல தயாரிப்புகளில் அதில் ஒரு பகுதி ஆமணக்கெண்ணெய். பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் அதற்கு அந்த மரியாதை.

ஓட்டி முடித்த வண்டியை அப்படியே மூலையில் வைத்துவிட்டால் மெத்தனால் பறந்துவிடும். விளக்கெண்ணெய் காற்றுப்பட்டு மெல்ல இறுகி, பலாப்பிசின் மாதிரி பிஸ்டனையும் ஸ்லீவையும் ஒட்டவைத்துவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தண்ணீர். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. நைட்ரோமீத்தேன் எரிந்து மிஞ்சிய அமிலக் கசடும் அந்த ஈரமும் சேர்ந்தால் எஃகைத் தின்ன ஆரம்பிக்கும். முதல் பலி பேரிங்.

பிசின் ஏறிக் கல்லாகப் பிடித்துக்கொண்ட இஞ்சினைக் கொண்டுவந்தால் எனக்கு உள்ளூர நிம்மதிதான். அந்தப் பிசின் பூச்சே உள்ளே துருவை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பளபளவென்று இருந்து, சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் 'கரகர' என்கிற இஞ்சினைக் கண்டால்தான் கலக்கம்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன இஞ்சின்களில் பிஸ்டன் ரிங் இருக்காது. அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ், அவ்வளவுதான். ஸ்லீவின் மேல்பகுதி பிஸ்டனைவிடத் துளி குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். முடியின் பருமன்கூட இல்லாத அந்தக் குறுகலைப் பழகியவர்கள் 'பிஞ்ச்' என்பார்கள். சூடேறும்போது பித்தளை கொஞ்சம் கூடுதலாக விரிய, பிஸ்டனுக்குச் சரியான இடம் கிடைக்கும். அதாவது குளிர்ந்த நிலையில் பிஸ்டன் மேலே ஏறும்போது இறுகுவது நோயல்ல, இஞ்சின் நன்றாக இருப்பதற்கு அடையாளம். கிடப்பில் போடும்போது பிஸ்டன் அந்த இறுக்கத்துக்குள் நின்றுவிட்டிருந்தால் பிசினும் பிஞ்சும் சேர்ந்து பூட்டுப் போட்டுவிடும். பையனின் வண்டியில் நடந்தது அதுதான்.

கழற்றும் முன்

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியோடு வந்தான். 3.5 சிசி இஞ்சின் பூட்டிய 1/8 அளவு பக்கி. நான் முதலில் கைவைத்தது ஏர் ஃபில்டரில். விரல் பட்டதும் ஸ்பாஞ்சு பழைய அதிரசம் போல உதிர்ந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. உதிர்ந்த தூள் ஒரு சிட்டிகை கார்புரேட்டர் வழியாக உள்ளே போனால் பிஸ்டன் சுவரில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஃபில்டரை மெதுவாகக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். புது ஃபில்டர் வந்து, அதற்கு ஃபில்டர் ஆயில் போட்டுப் பிசைந்து மாட்டும்வரை அந்தத் துணி அங்கேயே இருக்கட்டும்.

பிறகு ரிசீவர் பெட்டியைத் திறந்து பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை, வெள்ளைப் பூசணம் தெரிந்தால் பெட்டி, வயர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். குளோ பிளக்கைச் சூடாக்கும் இக்னைட்டருக்குள் இருக்கும் பழைய பேட்டரியும் இந்நேரம் உயிரோடு இருக்காது.

வண்டியின் வெளி அழுக்கைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்த பின்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஹெட் துடுப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மணல், பிளக் வெளியே வந்த கணமே ஓட்டைக்குள் விழக் காத்திருக்கும்.

சூடு

பல வருஷங்களுக்கு முன் என் முதல் இஞ்சின் இப்படிப் பிடித்துக்கொண்டபோது, நான் கட்டிங் பிளேயரை எடுத்து ஃப்ளைவீலைக் கவ்வி முறுக்கினேன். சுற்றியது. வெற்றி என்று நினைத்தேன். ஃப்ளைவீலின் விளிம்பில் பல் பதிந்து, ராட் வளைந்து, இரண்டாவது டேங்க் எரிபொருளில் இஞ்சின் உள்ளுக்குள் உடைந்தது. அன்றிலிருந்து பிடித்துக்கொண்ட இஞ்சின் பக்கத்தில் பிளேயரை வைப்பதே இல்லை.

செய்ய வேண்டியது இது. பிளக்கைக் கழற்றுங்கள். புல் ஸ்டார்ட் உள்ள இஞ்சினானால் அதையும் கழற்றுங்கள். அதற்குள் ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் ஒன்வே பேரிங் இருக்கிறது. அதை மாட்டியபடி பின்பக்கம் சுற்ற முடியாது. நமக்கு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும்.

பிளக் ஓட்டையில் புது நைட்ரோ எரிபொருளைப் பத்துச் சொட்டு விடுங்கள். இங்கே பலர் கைக்குக் கிடைத்த டபிள்யூ.டி.-40, டீசல், மண்ணெண்ணெய் என்று ஊற்றிவிட்டு, ஏன் இளகவில்லை என்று கேட்கிறார்கள். ஆமணக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போல அல்ல: ஆல்கஹாலில் கரையும், பெட்ரோலிய எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது. மெத்தனால் நிறைந்த புது எரிபொருளே அதற்கு மருந்து. ஓர் இரவு ஊறட்டும்.

மறுநாள் ஹெட்டைச் சூடாக்குங்கள். அதற்கு முன் எரிபொருளை முழுக்கக் கவிழ்த்து வடித்து, டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, எரிபொருள் பாட்டிலை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மெத்தனால் ஆவியும் ஹீட் கன்னும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டாலும் தகும். ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் என்றால் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஹெட் ஏறக்குறைய 100 டிகிரி வரட்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இல்லாவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்று நுரைத்துக் கொஞ்ச நேரத்தில் காய்ந்தால் போதும்.

துணியைச் சுற்றிய கையால் ஃப்ளைவீலைப் பிடித்து, பிஸ்டன் கீழே இறங்கும் பக்கமாக அழுத்துங்கள். முறுக்காதீர்கள், அழுத்திப் பிடித்திருங்கள். பையனின் இஞ்சினில் முதல் இரண்டு சூட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை. "நான் புடிக்கட்டுமாண்ணே, உங்களுக்குக் கை வலிக்கும்" என்றான். வேண்டாம் என்றேன், இருபது வயதுக் கையைத்தான் இந்த இடத்தில் நம்பக் கூடாது. மூன்றாவது சூட்டில் ஒரு சின்ன 'டிக்'. கண்ணால் பார்க்க எதுவும் மாறவில்லை, ஆனால் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கால் மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பிறகு முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, ஊறிய மூட்டைப் போல இளகி இறங்கியது. எக்ஸாஸ்ட் துவாரத்தில் காப்பிக் கஷாய நிறத்தில் ஒரு திரவம் வழிந்தது.

மூன்று நான்கு சுற்றுச் சூட்டிலும் அசையவில்லையென்றால் ஹெட் ஸ்க்ரூக்களை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஸ்லீவுக்கு மேலே கொஞ்சம் இடம் கிடைத்தால் பிடி விடும். மறுபடி இறுக்கும்போது எதிரெதிர் ஸ்க்ரூவாக, கொஞ்சம் கொஞ்சமாக.

பின்மூடியைத் திறங்கள்

சுற்ற ஆரம்பித்ததும் ஓட்டிவிடத் தோன்றும். பின்மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ராடின் கீழ்முனையும் கிராங்க் பின்னும் தெரியும். பழுப்பு எண்ணெய்க் கறை என்றால் துடைத்தால் போகும். செங்கல் நிறத் தூள் என்றால் துரு. பின் பேரிங்கின் குண்டுகள் பளபளப்பாக இருக்க வேண்டும். ஒரு குண்டில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பேரிங் முடிந்தது. அது சிதறினால் துகள்கள் நேரே பிஸ்டனுக்குப் போகும்.

பேரிங் மாற்றுவது பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. எல்லாவற்றையும் கழற்றிக் காலி செய்து, நன்றாகத் துடைத்த கிராங்க் கேஸை 150 டிகிரி அளவில் சூடாக்கி, மரக்கட்டைமேல் கவிழ்த்துத் தட்டினால் பின் பேரிங் தானே விழும். புதுப் பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தெடுத்து, சூடான கேஸில் நேராக இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். ஹெட்டின் கருகலை எடுக்க ரேடியேட்டர் கூலண்டில் வேகவைக்கும் முறையும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அந்தப் பாத்திரம் அதோடு அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. நிறமேற்றிய ஹெட்டானால் நிறமும் போய்விடலாம். கருகலோடு ஓடும் இஞ்சின்கள் ஏராளம். அழகுக்காக மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

பிளக்கை மாட்டிக் கையால் ஃப்ளைவீலைச் சுற்றிப் பாருங்கள். மேலே வரும்போது திமிர வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பிஞ்ச் தேய்ந்துவிட்டது. எவ்வளவு டியூன் செய்தாலும் சூடேறியதும் நின்றுவிடும். அதற்குப் பிஸ்டன், ஸ்லீவ் ஜோடியாக மாற்றுவதுதான் வழி.

கார்புரேட்டரும் டேங்கும்

ஊசித் திருகுகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றையும் மெதுவாக உள்பக்கம் திருகி, எத்தனை சுற்றில் அடிதட்டுகிறது என்று எண்ணித் தாளில் எழுதுங்கள். 'ஹை: மூணே கால், லோ: ரெண்டு' என்கிற மாதிரி. அடிதட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனை மழுங்கும். மனசில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எனக்கும் நல்ல ஞாபகசக்தி உண்டு.

கழற்றி, புது எரிபொருளில் அலசி, ஊசித் துவாரங்களில் ஊதி விடுங்கள். ஓ-ரிங்குகள் பத்துப் பைசா சமாசாரமாகத் தெரியும். ஆனால் கிடப்பில் போட்ட இஞ்சினை எழுப்பிய பின்னும் அது டியூனுக்கு வராமல் அழிச்சாட்டியம் பண்ணினால், எங்காவது ஒரு காய்ந்த ஓ-ரிங் வழியே காற்று திருடிப் போய்க்கொண்டிருக்கும். கார்புரேட்டர் கழுத்து, பின்மூடி, எக்ஸாஸ்ட் கேஸ்கெட், டேங்க் மூடி ஆகிய நான்கு இடங்களிலும் விளக்கெண்ணெய் விட்ட கண்ணோடு பாருங்கள். முடிந்தால் நான்கிலும் புது ரப்பர்.

டேங்கைச் சோதிக்கப் பஞ்சர் கடைக்காரர் வழியே சிறந்த வழி. ஒரு குழாயை மடித்துப் பிடித்து, டேங்கை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, இன்னொரு குழாயில் ஒரு துண்டு டியூபை மாட்டி ஊதுங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. சைலன்சரிலிருந்து வரும் அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது என்பதால், டேங்க் மூடி கசிந்தால் இஞ்சின் வேகமெடுக்கும்போதெல்லாம் பட்டினி கிடக்கும். சோதனை முடிந்ததும் டேங்கைச் சொட்டு ஈரமில்லாமல் காயவையுங்கள். சிலிகான் டியூப்கள் மஞ்சளாகி ஊதிப்போயிருக்கும். யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பழைய எரிபொருளுக்கு மன்னிப்புக் கிடையாது. திறந்த பாட்டில் ஈரம் குடித்திருக்கும். அதைப் போட்டு டியூன் செய்ய உட்கார்ந்தால் பொழுதும் போய்விடும், இரண்டு பிளக்கும் போய்விடும். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் ஒருநாளும் மாற்றி வைக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான். சில வாய் உள்ளே போனாலே பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் ஏறும். கையுறை போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல், பெயர் எழுதிய, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

இப்போது இழுக்கலாம்

புதுப் பிளக் போடுங்கள். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த அதே தத்துவம்தான் இன்றும்: பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் மெத்தனால் ஆவியோடு சேர்ந்தால் தானே கனலும். தொடங்க மட்டும் ஒன்றரை வோல்ட் வேண்டும், ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். இக்னைட்டரை மாட்டிப் பாருங்கள். சுருள் முழுவதும் நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும்.

ரேடியோவை முதலில் ஆன் செய்து, ஆக்சிலேட்டர் விட்டதும் கார்புரேட்டர் மூடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். கிளச் பெல் கையால் தனியே சுற்ற வேண்டும். பேரிங் காய்ந்து பெல் ஒட்டியிருந்தால் இஞ்சின் எழுந்த கணமே வண்டி பாயும். சக்கரங்கள் தரையில் படாதபடி ஒரு பெட்டிமேல் வையுங்கள். இடம் திறந்தவெளியாக இருக்கட்டும்.

எழுதி வைத்த எண்ணிக்கைக்கு ஊசிகளைத் திருப்பி, மேலும் கால் சுற்று வெளியே எடுத்து ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக வரும்படி வையுங்கள். ஹெட்டை மறுபடி ஹேர் டிரையரால் 80, 90 டிகிரி வரை சூடாக்குங்கள்; மேலே சொன்ன பிஞ்சுக்காகத்தான். சைலன்சர் வாயை விரலால் அடைத்து இரண்டு மூன்று தரம் இழுத்தால் எரிபொருள் டியூபில் ஏறி வருவது தெரியும். கார்புரேட்டரைத் தொட்டதும் விரலை எடுங்கள். இப்போது இக்னைட்டரை மாட்டி, கயிற்றை ஒரு முழத்துக்குமேல் போகாமல் சின்னச் சின்னதாக வெடுக்கென்று இழுங்கள்.

கயிறு திடீரென்று கல் மாதிரி நின்றால், உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது. திரவம் சுருங்காது, ராட்தான் வளையும். பிளக்கைக் கழற்றி, ஓட்டைமேல் துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சில தடவை சுற்றி வெளியேற்றுங்கள்.

அறுந்த கயிற்றை மாற்றியிருந்த பையனின் பக்கி ஒன்பதாவது இழுப்பில் இரண்டு தும்மல் போட்டது. பன்னிரண்டாவதில் எழுந்தது. ஏழு வருஷத்துப் பிசின் முழுக்க வெண்புகையாகக் கிளம்பியதில் பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கொசு மருந்தா தம்பி?" என்று கேட்டார்.

முதல் டேங்க் முழுவதும் புகை அடர்த்தியாகவே போகட்டும். ஆனால் பயந்துகொண்டு ஹெட்டை ஆறிப்போக விடாதீர்கள். 90 டிகிரிக்கும் கீழே ஓடினால் பிஞ்ச் இறுகி ராடைத்தான் வதைக்கும். இரண்டாவது டேங்கிலிருந்து ஹை ஊசியை அரைக்கால் சுற்று வீதம் உள்ளே திருகி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில் மெல்லிய நீலப் புகைக்கோடு எப்போதும் தெரிய வேண்டும். புகை மறைந்தாலோ சூடு 120 டிகிரியைத் தாண்டினாலோ உடனே வெளியே திருப்புங்கள். இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்குமே என்ற அந்தக் கடைசி அரைக்காலில் போன இஞ்சின்கள்தான் அதிகம்.

லோ ஊசிக்கு ஒரு கைவைத்தியம். சூடான இஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் அருகே டியூபை நசுக்கிப் பிடியுங்கள். இரண்டு முதல் நான்கு விநாடி ஓடி, லேசாக வேகமெடுத்து அணைந்தால் சரி. உடனே அணைந்தால் லீன், அதாவது எரிபொருள் குறைவு. வெகுநேரம் இழுத்துக்கொண்டே போனால் ரிச். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே நின்றால், முதலில் ஊசியைத் தொடாதீர்கள். அந்த நான்கு ரப்பர்களுக்குத் திரும்பிப் போங்கள்.

ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்துவிட்டு, மிச்ச எரிபொருள் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஆஃப்டர் ரன் ஆயில் ஐந்தாறு சொட்டு விட்டுச் சுற்றுங்கள். அது கிடைக்காத ஊரில் ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். போதும், சிலிகான் டியூபில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஊதிவிடும். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்துங்கள். பையனின் வண்டியில் அந்த இடத்துக்கு நேராக ஃப்ளைவீலில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

"அடுத்த வாரமே ஓட்டிருவேன்ணே, இதெல்லாம் எதுக்கு?" என்றான்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி பரண்ல ஏத்தினப்பவும் அப்படித்தானே நெனச்சே?"

சிரித்துக்கொண்டே, புள்ளி மேலே வரும்வரை ஃப்ளைவீலைத் திருப்பினான்.